குக்கருக்கு வந்த வயிற்றெரிச்சல்

செண்பகவல்லி அடுப்பில் பருப்பை வைத்தாள். கையோடு காதல் நாவலின் மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். குக்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“முன்னெல்லாம் நான் விசில் அடிச்சா ஓடி வருவா. இப்ப திரும்பிக்கூடப் பார்க்கல. அப்படி என்னதான் இருக்கு அந்தப் புஸ்தகத்துல?” என்று மிக்ஸியிடம் பொருமியது.

“முகிலன் இருக்கான்,” என்று மிக்ஸி உருகியது. “அவ வாய்விட்டுப் படிக்கும்போது கேட்டேன். தங்கமான பையன். அந்தப் பொண்ணும் அவனுக்கேத்தவதான். ரெண்டும் நல்லா இருக்கணும்.”

“நீயுமா?” குக்கருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வேண்டுமென்றே பருப்பை அடிப்பிடிக்க விட்டது. தீய்ந்த வாடை கூடம் வரை போனது.

செண்பகவல்லி பதறி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். திட்டட்டும், தலையில் தட்டட்டும், என்னைப் பார்த்தால் போதும் என்று குக்கர் காத்திருந்தது.

அவளோ சிரித்துவிட்டாள். “நம்ம முகிலன் அவளுக்கு முதல்முதலா வச்ச சாம்பாரும் இப்படித்தானே தீஞ்சுது!”

குக்கர் ஆறியதும் விசிலைக் கழற்றிக் கொண்டுபோனாள். மின்விசிறிக் காற்றில் தாள் புரளாதபடி அதைப் புத்தகத்தின்மேல் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து படித்தாள்.

குக்கருக்கு வீடே அதிரக் கத்த வேண்டும் போலிருந்தது. அதன் விசிலோ, முகிலன்மேல் சாய்ந்து சொகுசாகக் கிடந்தது.