முதல் பரிசு பீன்ஸ்

"மாசக்கணக்கா வச்சிருக்க ஜாடியில அடைக்கிற பீன்ஸை வெறுமனே கொதிக்க வச்சா விஷமாயிடும் அத்தை. பிரஷர் குக்கர்லதான் வைக்கணும்னு வகுப்புல சொன்னாங்க," என்றாள் மருமகள் கார்லா.

"எனக்கே பாடமா? இந்த ஊருக்கே நான்தான்டி கத்துக்கொடுத்தேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் வெர்னா.

அயோவா கண்காட்சிப் போட்டிக்கு இருவருமே ஆளுக்கொரு ஜாடி பீன்ஸ் வைத்தார்கள். வெர்னா பெயர் ஒட்டிய ஜாடிக்கே முதல் பரிசு கிடைத்தது.

"யாருக்குப் பரிசு கிடைச்சா என்ன? எனக்கு எம்பொண்டாட்டி கைப்பக்குவம்தான்," என்று மகன் டுவைட் கார்லா பெயர் ஒட்டிய ஜாடியைத் திறந்து சாப்பிட்டான். இரண்டே நாளில் மூச்சுத் திணறிச் செத்துப்போனான். பீன்ஸில் விஷம் என்றார் டாக்டர்.

"நானே கொன்னுட்டேனே!" என்று கதறினாள் கார்லா.

வெர்னா அவளை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அழாதம்மா. புதுசா கத்துக்கிறவங்க கை தப்பத்தான் செய்யும்."

பரிசு கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில், போட்டிக்கு முன்பே இரண்டு ஜாடிகளின் பெயர்ச்சீட்டையும் மாற்றி ஒட்டியதை அவள் கடைசிவரை சொல்லவேயில்லை.