வெட்டின இடம்

கேமரா உள்ளே போய்க்கொண்டிருந்தது. சின்னத் திரையில் ஈரச் சுவர், ஒரு வளைவு, மறுபடி ஈரச் சுவர். வளைவைத் தாண்டியதும் பாதி வழியை அடைத்துக்கொண்டு அது நின்றது.

"இவ்வளவு பெருசாவா வளர்ந்திருக்கு, அண்ணே?" என்றாள் அந்த வீட்டுப் பெண்.

"இதுக்கே பயந்தா எப்படிம்மா? என் கை கனத்துக்கெல்லாம் பார்த்திருக்கேன்."

குழாய்க்காரர் வீட்டின் பின்பக்கம், சாக்கடை மூடியைத் திறந்து வைத்துக் குப்புறப் படுத்திருந்தார். "மர வேர். ஜாயின்ட்ல முடியளவு சந்து கெடைச்சாப் போதும், உள்ள வந்து குடும்பம் நடத்த ஆரம்பிச்சிடும்."

காலையிலிருந்து இது மூன்றாவது வீடு. முழங்கை இரண்டும் எரிந்தன. முதுகு தன் பாட்டுக்கு முனகியது. சட்டைப் பையில் போன் வேறு துடித்தது. மனைவி.

"என்னங்க, ஆஸ்பத்திரில இருந்து காலைல எனக்கே போன் பண்ணிட்டாங்க. நீங்க எடுக்கறதே இல்லையாமே?"

"வேலையா இருக்கேன்."

"ஆறு மாசத்துல வரச் சொன்னாங்க. பதினோரு மாசம் ஆச்சு. குடல்ல எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்த கட்டியை வெட்டி எடுத்திருக்காங்க. அதே எடத்துல திரும்ப வளரலாம், விட்டா கேன்சர்ல கொண்டு போய் விடும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டாங்கல்ல?"

"அதான் வெட்டியாச்சே! நான் கல்லு மாதிரி இருக்கேன். குடல்ல கேமரா விடணும்னு அந்த உப்புத் தண்ணியை லிட்டர் லிட்டரா நீ குடிச்சுட்டு கக்கூஸே கதின்னு கெட, அப்பத் தெரியும். வை போனை."

அந்தப் பெண் கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டாள். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவள்போல, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள்.

அவர் வெட்டும் கத்தியை உள்ளே விட்டார். முக்கால் மணி நேரம் போராடியதில் வேர் துண்டு துண்டாக வந்து வாளியை நிறைத்தது.

"என் நம்பர் எப்படிம்மா கெடைச்சுது?"

"நான் வேலை பார்க்கற எடத்துல ஒரு நோட்டுல இருந்துச்சு, அண்ணே."

தன் பெயர் இவ்வளவு தூரம் பரவியிருக்கிறதே என்று அவருக்கு முதுகுவலி கொஞ்சம் குறைந்தது. கேமராவை மறுபடி விட்டார். வழி பளிச்சென்று இருந்தது.

"மெதுவா வெளிய இழுங்க. வளைவுக்குப் பின்பக்கம் ஏதாவது ஒளிஞ்சிருக்கும்," என்றாள் அவள்.

இழுத்தார். ஒளிந்திருந்தது. 'பரவாயில்லையே, கூடவே வந்தா சம்பளம் குடுக்கலாம் போல' என்று நினைத்துக்கொண்டே அதையும் வெட்டினார்.

"அவ்வளவுதானே? முடிஞ்சுதா?" என்றாள் அவள்.

"அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. ஓரத்தைப் பாருங்க, நூல் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. வெட்டின எடத்தைச் சுத்தி மருந்து வெச்சுக் கருக்கணும். இல்லேன்னா அங்கேயே முளைக்கும்."

"கருக்கிட்டா வரவே வராதா?"

"வர்றது குறையும். வராதுன்னு சத்தியம் பண்ண நான் என்ன சாமியா? ஆறு மாசம் கழிச்சு கேமரா விட்டுப் பார்க்கணும். சின்னதா இருக்கும்போதே சுரண்டிட்டா அஞ்சு நிமிஷ வேலை."

"அப்ப தண்ணி நல்லாத்தானே போய்க்கிட்டு இருக்கும்?"

"நல்லாப் போகும்போதுதாம்மா பார்க்கணும்! நின்ன பிறகு கூப்பிட்டா என்னால ஒன்னும் ஆகாது. தரையைத்தான் ஒடைக்கணும்."

வாளியைத் தள்ளி வைத்துவிட்டு மருந்தை எடுத்தார்.

ஓரத்தைக் கருக்கி, மூடியைப் போட்டு, கை கழுவிக்கொண்டு நோட்டை எடுத்தார். ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி குறித்தார்.

"நானே போன் பண்ணுவேன், எடுத்துடுங்கம்மா. சில பேர் என் நம்பரைப் பார்த்தாலே கட் பண்ணிடறாங்க. அவங்க நல்லதுக்குத்தானே கூப்பிடறோம்?"

அவள் நோட்டை வாங்கினாள். அவர் குறித்த தேதிக்குக் கீழே, வருகிற வாரத்தில் ஒரு தேதியை எழுதி நீட்டினாள்.

"இது யாருக்கும்மா?"

"உங்களுக்குத்தான். ஆஸ்பத்திரில இருந்து ஒம்பது தடவை கூப்பிட்டேன், எடுக்கல. என் சொந்த போன்ல கூப்பிட்டா முதல் ரிங்லயே எடுத்து, குழாய் அடைச்சிருக்குன்னதும் ஓடி வந்துட்டீங்களே, அண்ணே!"