முதுகைக் காட்டச் சொன்னார்கள்

கதவைத் திறந்ததுமே, நாய்கள் காப்பகத்திலிருந்து கொண்டுவந்த நாய் கிழட்டுக் கொத்தனாரின் மார்பில் தாவி ஏறுகிறது. சட்டைப் பொத்தான் தெறித்துச் சாய்வெயிலில் உருள்கிறது. "திரும்பி நில்லுங்க மாமா! தாவினா முதுகக் காட்டணும்னு பயிற்சிக்காரர் சொன்னாரே," என்கிறாள் நிறைமாத மருமகள், சுவரோடு ஒட்டிக்கொண்டு. இன்றைக்கும் அடங்காவிட்டால் நாளை காப்பகத்துக்கே திருப்பிவிடுவதாகப் பேச்சு. "நாய்க்கு முதுகக் காட்டச் சொன்னவன் ஒருநாளும் கடி வாங்கினவன் இல்ல," என்று முணுமுணுத்தபடி திரும்புகிறார். நகங்கள் முதுகைப் பிறாண்டுகின்றன. அவர் அசையாமல் நிற்கிறார். பிறாண்டல் நிற்கிறது. இரைப்புச் சத்தமும் அடங்கிப்போகிறது. "அடங்கிடுச்சு மாமா! இனிமே இங்கயே இருக்கட்டும்." கொத்தனார் மெல்லத் திரும்பிப் பார்க்கிறார். நாய் தன் கயிற்றைத் தானே வாயில் கவ்விக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு, வாசற்படியில் நிற்கிறது. "அடங்கலம்மா," என்கிறார். "முதுகக் காட்டினதும் புறப்பட்டு நிக்குது."