கூப்பிடு தூரம்

"முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். சத்தம் தூரமாப் போகணும்னுதான் எல்லாரும் கேப்பாங்க. குறைச்சுக் குடுன்னு கேட்ட முதல் ஆளு நீதான்யா," என்றார் ஓரின்.

மேசைமேல் அந்த ரேடியோ வயிறு திறந்து கிடந்தது. லாரிக்காரர்கள் வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோ, பழைய மாடல். டெல்மர் அதை ஒரு பண்ணை ஏலத்தில் தேடிப்பிடித்து வாங்கி வந்திருந்தார். உள்ளே எலி குடித்தனம் நடத்திய அடையாளம் இருந்தது.

டெல்மருக்கு எழுபத்து நாலு வயது. முப்பத்தோரு வருடம் நெப்ராஸ்கா நெடுஞ்சாலையில் லாரி ஓட்டி ஓய்ந்தவர். பொத்தான் ஒன்று போன சிவப்புக் கட்டம் போட்ட சட்டையோடு முக்காலியில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்குள் வேண்டும் என்று அதுவரை மூன்று முறை சொல்லிவிட்டார்.

கருகிய கண்டென்சர்களை ஓரின் காலையிலேயே மாற்றிவிட்டார். அறுந்த கம்பிகளைப் பற்றவைத்து முடித்ததும் ரேடியோவுக்கு உயிர் வந்தது. கூடவே ஒரு கரகரப்பு, அடியில் வண்டு முனகுவது போல் ஓர் இரைச்சல். அதைப் போக்க, அழுக்கு நீக்கும் ஸ்ப்ரே டப்பாவை எடுத்தார். டெல்மர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது இருக்கட்டும்."

இது என் கைக்கு அவமானம் என்றார் ஓரின். டெல்மர் வேண்டாவெறுப்பாகக் காரணம் சொன்னார். இதே மாடல்தான் அவருடைய லாரியில் இருந்தது. அது கருகிப் போனதும் புதிதாக ஒன்று வாங்கினார். குரல் கண்ணாடி மாதிரி தெளிவாகப் போயிற்று. அந்தப் பக்கம் கேட்டவள், நீ யாரோ என்று சொல்லி அணைத்துவிட்டாள்.

"மூணு நாளாச்சு. அவ சாப்பிடவும் மாட்டேங்கறா."

ஓரின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அவளா?"

டெல்மர் சட்டையில் பொத்தான் போன இடத்தைத் தடவினார்.

"வயசென்ன?"

"எழுபத்தொண்ணு."

"ஐரீனுக்குத் தெரியுமா?"

ஐரீன் டெல்மரின் மனைவி. தேவாலய விருந்துகளுக்கு ஆப்பிள் பை சுட்டு எடுத்துவருவாள். இரண்டு வருடமாக அவள் யார் கண்ணிலும் படவில்லை.

"தெரியக் கூடாது," என்றார் டெல்மர். "தெரிஞ்சா அவ்வளவுதான்."

அப்புறம் நடந்ததையும் சொன்னார். போன மாதம் பேச்சுக்கு நடுவே எவனோ ஒரு லாரிக்காரன் புகுந்துவிட்டான். வயோமிங் கணவாயில் பனி கொட்டுகிறது என்று டெல்மர் சொன்னதைக் கேட்டு, நான் இப்போதுதான் அங்கிருந்து வருகிறேன், பனியும் இல்லை ஒரு மண்ணும் இல்லை என்று சிரித்திருக்கிறான். அவள் அன்று முழுக்க அழுதாளாம். இனி எவன் காதுக்கும் எட்டக் கூடாது. அதனால்தான் தூரத்தைக் குறைக்கச் சொல்வது.

"பொய் வேற சொல்றியா அவகிட்ட?"

"ஆமா."

"எவ்வளவு தூரம் போகணும்?"

"கூப்பிடு தூரம் போதும்."

"அப்ப கூப்பிட வேண்டியதுதானே. எதுக்குய்யா ரேடியோ?"

டெல்மர் கடிகாரத்தைப் பார்த்தார். ஓரின் தூரத்தைக் குறைக்கும் திருகைப் பின்னால் திருப்பி, மூடியை மாட்டி, அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

மனம் கேட்கவில்லை. பழுது பார்த்ததைச் சோதித்துப் பார்ப்பது தொழில் தர்மம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, நாலு மணிக்குத் தன் பழைய வேனை எடுத்தார் ஓரின். டெல்மரின் வீட்டுப் பக்கமாக ஓட்டினார். அறுத்த சோளக்காடு இரண்டு பக்கமும் மஞ்சள் வெயிலில் கிறங்கிக் கிடந்தது. வேனின் ரேடியோ வெறுமனே சீறிக்கொண்டு வந்தது. கடைசித் திருப்பத்துக்குச் சற்று முன்னால், தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் டெல்மரின் குரல் வந்தது.

"கொக்கு, கொக்கு. கழுதை பேசறேன்."

ரேடியோவில் யாரும் சொந்தப் பெயர் சொல்வதில்லை. ஆளுக்கொரு பட்டப்பெயர்.

"கழுதையா? மூணு நாளா எங்கே போயிருந்தே?" ஒரு பெண் குரல். தான் விட்டுவைத்ததைப் போலவே அவள் பக்கத்து ரேடியோவிலும் ஓர் இரைச்சல்; யார் குரல் என்று ஓரினுக்குப் பிடிபடவில்லை.

"மலைமேல மாட்டிக்கிட்டேன். பனி. ரோடே தெரியல. முன்னாடி போற வண்டியோட சிவப்பு விளக்கு ரெண்டும் மிதந்துக்கிட்டுப் போகுது. அதுக்குப் பின்னாலேயே போயிட்டிருக்கேன்."

"அழகா இருக்கா?"

"சத்தமே இல்ல. தூங்குற மாதிரி இருக்கு."

வெயில் கண்ணைக் கூச, ஓரின் வேனை மெதுவாக உருட்டினார்.

"இங்கே ஒரு கிழவன் வந்து இருக்கான்," என்றாள் அவள். "சூப் வெச்சுக் குடுக்கறான். நல்லவனாத்தான் தெரியுது. எதுக்கும் நீ சீக்கிரம் வா."

அவளுக்கும் வீட்டில் ஒருத்தன் இருக்கிறான். ஓரின் ஜன்னல் வழியே காறித் துப்பினார்.

"வியாழக்கிழமை வந்துடுவேன். அதுவரைக்கும் அவன் குடுக்கறதைச் சாப்பிடு."

"சாப்பிடறேன். ஆனா அவன் உன்னோட சிவப்புக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கிட்டுத் திரியறான்."



"போட்டுக்கட்டும்," என்றது கழுதை.

ஓரின் திருப்பத்தில் வேனை நிறுத்தினார். டெல்மரின் வீட்டுக் கொல்லையில், சக்கரம் நாலும் கழற்றப்பட்டுக் கட்டைமேல் நின்ற லாரியிலிருந்து டெல்மர் கீழே இறங்கினார். களை மண்டிய இருபது அடியைக் கடந்து, தன் வீட்டுச் சமையலறைக் கதவுக்கு முன் தொப்பியைக் கழற்றி, சட்டையைச் சரிசெய்துகொண்டு, அந்நியனைப் போல மெதுவாகத் தட்டிவிட்டு, ஐரீன் திறப்பதற்காகக் காத்து நின்றார்.