பூனைவால்

“என் பூனைவாலைத் திருடினது நீதானேடா?”

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பட்டாசு வெடித்துவிட்டார். அவர் கோபத்துக்கு நண்பர்கள் வைத்த பெயர் அது. கதவைத் திறந்த ஒல்லி நண்பர் ஒட்டடைக்குச்சி, “முதல்ல உள்ள வா. பூனை நல்லாத்தானே இருக்கு?” என்றார்.

பூனை நன்றாகத்தான் இருந்தது. களவு போனது ஒரு சொல்.

இருவருக்கும் ஒரே தொழில். எஃகு ஆலைகளுக்காக ஜெர்மன் உலோகவியல் சொற்களை ஆங்கிலமாக்கி அகராதி போடுவது. இதைப் பற்றி உட்கார்ந்து பேச இன்னொரு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால், கல்லூரி நாளிலிருந்து இருவரும் பிரியவே இல்லை.

அகராதிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காப்பியடிக்கிறவனைப் பிடிக்க, ஏதோ ஒரு மூலையில் இல்லாத சொல் ஒன்றைப் புதைத்து வைப்பார்கள். அது எவன் புத்தகத்தில் முளைக்கிறதோ, அவன் திருடன்.

பட்டாசு புதைத்தது ‘காட்ஸென்ஷ்வைஃப்’. காய்ச்சிய எஃகை எண்ணெயில் முக்கி எடுத்தால் மேலே விழும் கோடு. ஆங்கிலத்தில் ‘கேட்ஸ் டெயில்’. அப்படி எந்த எஃகிலும் எந்தக் கோடும் விழுவதில்லை. அதை எழுதிய அன்று மேஜைமேல் பூனை வாலை நீட்டிப் படுத்திருந்தது, அவ்வளவுதான்.

“உன் புது அகராதி காலையில கைக்கு வந்துச்சு. மத்த சொல்லுக்கெல்லாம் வேற வேற இங்கிலீஷ் போட்டிருக்க. இது ஒண்ணை மட்டும் அப்படியே தூக்கியிருக்க. தேர்ந்த திருடன்டா நீ!”

ஒட்டடைக்குச்சி நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். “அண்ணே, காபி?”

“திருடன் வீட்டுக் காபி எனக்கு வேண்டாம்மா” என்றவர், பழக்க தோஷத்தில் “சர்க்கரை கம்மியா” என்றும் சொல்லித் தொலைத்தார்.

“ஆலைக்காரங்களே ஏதோ சந்தேகம்னு என் புஸ்தகத்தை இழுத்தடிச்சாங்க. அப்புறம் கப்சிப்னு ஏத்துக்கிட்டாங்க. அப்பேர்ப்பட்ட புஸ்தகம்டா!” சட்டென்று அவர் குரல் உடைந்தது. “கேட்டிருந்தா முழுசா தூக்கிக் குடுத்திருப்பேனேடா. என் பொண்ணுக்குக் காய்ச்சல்னா எனக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில நிக்கிறவன் நீ. நீ போயி...”

போனை எடுத்தார். “இப்பவே ஆலைக்குச் சொல்றேன். இனி உன் புஸ்தகத்தை எவன் வாங்குறான்னு பாக்கறேன்.”

“வேண்டாம்டா. போன் பண்ணாதே.”

“பயமா?”

“பயம்தான்.”

பட்டாசு எண்ணை அழுத்தினார். மணி அடிக்கத் தொடங்கியது.

ஒட்டடைக்குச்சி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “போன மாசம் ஆலையில என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. ‘இப்படி ஒரு சொல்லே ஜெர்மன்ல கிடையாது. உங்க சிநேகிதர் புளுகியிருக்கார். புஸ்தகத்தைத் திருப்பி அனுப்பப் போறோம்’னாங்க.”

காபி வந்தது. அவரே வாங்கி நண்பன் பக்கம் நகர்த்தினார். மறுமுனையில் யாரோ “ஹலோ... ஹலோ...” என்றார்கள்.

“‘ஏன் இல்ல, அச்சுக்குப் போற என் புஸ்தகத்துலகூட வருதே’ன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டுப் போடாம இருக்க முடியுமாடா?”