நடிகரின் வயிற்று வலி

"தொட்டா வலிக்குது சிஸ்டர். தொடாமப் பார்த்தாலும் வலிக்குது."

கட்டிலில் கிடந்தவர் இப்படிச் சொல்லிவிட்டு ஒரு முனகல் முனகினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவருக்கு நிஜமாகவே வயிறு பிசைந்தது என்றும் சொல்கிறார்கள்.

அவர் நோயாளி அல்ல, நாடக நடிகர். நர்சுகளின் மேல்படிப்புக்கான செய்முறைத் தேர்வில் நோயாளியாகப் படுக்க வந்தவர். அவர் எதிரே நின்றவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் வார்டு அக்கா என்பார்கள். இருபத்திரண்டு வருட நர்ஸ். தேர்வுக்கு வந்த பன்னிரண்டு பேரில் கடைசி ஆள்.

அக்காவுக்கு ஒரே ஒரு குறைதான். நோயாளி வாசலில் நடந்து வரும்போதே என்ன வியாதி என்று அவருக்குத் தெரிந்துவிடும். டாக்டர் வந்து அதையே சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இந்தப் படிப்பில் தேறினால் தானே சோதித்து, தானே நோயைச் சொல்லி, தானே மருந்து எழுதலாம். தவறினால் பழையபடி வாயை மூடிக்கொள்ளலாம்.

தேர்வுக்கு வாய்ப்பு இரண்டுதான். முதலாவது போன வருடமே போய்விட்டது. அன்று கட்டிலில் கிடந்தது ரப்பர் பொம்மை. "நோயாளிக்கு ஆறுதல் சொல்லுங்க" என்றார்கள். "பொம்மைக்கு என்னங்க ஆறுதல்?" என்று கேட்டுவிட்டார். பொம்மையோ ஆளோ, கட்டிலில் கிடந்தால் நிஜ நோயாளி என்றே நினைக்க வேண்டும், அதுதான் முதல் விதி என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதன்பின் ஒரு வருடம் வீட்டில் பயிற்சி. நோயாளி, கணவர். ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் சோபாவில் படுத்துவிட வேண்டும். திங்கட்கிழமை மாரடைப்பு, செவ்வாய்க்கிழமை சிறுநீரகக் கல். அந்த ஒரு வருடத்தில் அவருக்கு வராதது பிரசவம் ஒன்றுதான்.

"எப்போலேர்ந்து வலி?" அக்கா கவனமாகத் தொடங்கினார்.

"காலையிலேர்ந்து சிஸ்டர். குடலை யாரோ ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழியறாங்க."

அக்கா வலப்பக்க அடிவயிற்றை விரலால் லேசாக அழுத்தினார். நடிகர் கட்டிலைவிட்டு ஒரு சாண் எழும்பி இறங்கினார். மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த தேர்வாளர் அம்மா எதையோ எழுதிக்கொண்டார்.

அக்கா ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அதே இடத்தில் வைத்து, முன்னைவிடப் பலமாக அழுத்தியபடியே பேச்சுக் கொடுத்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டியும் முட்டையும். ரொட்டிதான் கொஞ்சம் கருகிப் போச்சு" என்றார் நடிகர், முகம் சுளிக்காமல்.

இருபத்திரண்டு வருடப் பழக்கம், மூளையிடம் உத்தரவு கேட்காமல் வாய் வழியாக வெளியே வந்துவிட்டது.

"போதும், எழுந்திரிங்க. உங்களுக்கு வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்போ என்ன நோய்னு எழுதிக்கலாம்?" தேர்வாளர் அம்மா நிமிராமலே கேட்டார்.

நனைந்தாகிவிட்டது, இனி முக்காடு எதற்கு என்று அக்கா முடிவு செய்தார். "நோய் இல்ல மேடம். நல்லா இருக்கார்."

மணி அடித்தது. நடிகர் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"நாப்பது வருஷமா மேடையில செத்துக்கிட்டு வரேன் சிஸ்டர்" என்றார் ரகசியமாக. "இதுவரைக்கும் ஒருத்தரும் எழுந்திரின்னு சொன்னதில்ல. காலையிலேர்ந்து பதினொரு பேர் வந்தாங்க. அதுல ரெண்டு பேர் அழுதே போயிட்டாங்க."

வெளியே பெஞ்சில் கணவர் காத்திருந்தார்.

"என்ன வந்துச்சு? கல்லா, அடைப்பா?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேன்."

"யாருகிட்ட?"

"அந்த நடிகர்கிட்டயே."

கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவர் நடிக்க வந்தவர்னு கேட்ல நிக்கிற வாட்ச்மேனுக்கே தெரியும். அவருக்கு வலி இல்லைன்னு கண்டுபிடிக்கவா ரெண்டு வருஷம் படிச்சே? நானும்தான் ஒரு வருஷமா சோபாவுல புரண்டேன். என்னை ஒரு நாளாவது எழுந்திரின்னு சொல்லியிருப்பியா?"

"உங்க நடிப்பு இன்னும் மோசம். பாவம்னு விட்டேன்." அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். "இனிமே டாக்டர் எழுதுறதை எடுத்துக் குடுத்தே ரிட்டையர் ஆக வேண்டியதுதாங்க."

கணவர் இறங்கி வந்தார். "சரி, விடு. எனக்கும் வயசாகுது. நிஜமாவே ஒரு வியாதி வராமலா போயிடும்? அப்போ நீயே பார்த்துக்கோ."

மூன்று மணிக்குக் கதவில் காகிதம் ஒட்டினார்கள். முண்டியடித்துப் பார்த்த பதினொரு பேரும் திரும்பி அக்காவை ஒரு மாதிரி பார்த்தார்கள். தேறியவர் பட்டியலில் ஒரே ஒரு எண் இருந்தது. பன்னிரண்டு.

கணவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். "யாரோ மாத்தி ஒட்டிட்டாங்க. சத்தம் போடாம வா, வீட்டுக்குப் போயிடலாம்."

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. நேரே உள்ளே போனார்.

"மேடம், நம்பர் மாறிப் போச்சு போல. பன்னிரண்டு நான்தான். நடிகரை நோயாளியா நினைக்காம, வலி இல்ல, எழுந்திரின்னு சொன்னது நான்தான்."

தேர்வாளர் அம்மா பேனாவை மூடி வைத்தார்.

"ஒண்ணும் மாறல சிஸ்டர். அவருக்குக் குடுத்த வேஷமே, லீவு லெட்டருக்காக வயித்து வலின்னு பொய் சொல்ற குமாஸ்தா. பதினொரு பேரும் அவரை ஆபரேஷனுக்கு அனுப்பிட்டாங்க. அதுல நாலு பேர், இன்னிக்கே கிழிச்சாகணும்னு."