ஓட்டு நேரத்து வலி

"ஐயோ... அம்மா! வலிக்குதுங்க. என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க!"

அவள் கணவனின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் ஆஸ்பத்திரி அறையின் டி.வி.யைப் பார்த்தாள். நாடாளுமன்ற விவாதம் நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டெடுப்புக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

வலியாவது ஒன்றாவது! ஒன்பதாம் மாதம் என்பது மட்டும்தான் நிஜம். மற்றதெல்லாம் காலையில் பல் துலக்கும்போது உதித்த யோசனை.

இருவருமே எம்.பி.க்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எதிரெதிர்க் கட்சி. அரசியல் சட்டத்தில் ஒரு வரியை மாற்றுவதென்றாலும், ஓட்டுப் போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் 'சரி' சொல்ல வேண்டும். இனிமேல் மூன்றில் இரண்டு பங்கு போதும் என்பதுதான் இன்றைய மசோதா. ஆனால் அது நிறைவேறவும் அதே முக்கால் வேண்டும்.

அவளுக்கு அது வெறும் மசோதா அல்ல. அக்கா ஒரு வெளிநாட்டுக்காரரைக் கட்டிக்கொண்டவள். குடியுரிமை அப்பா வழியில்தான் என்று அரசியல் சட்டம் சொல்வதால், இங்கேயே பிறந்து வளர்ந்த அக்கா மகள் இன்றைக்கும் வெளிநாட்டுக்காரிதான். அந்த ஒரு வரியை மாற்ற எத்தனையோ முறை முயன்றும் முக்கால் தேறவில்லை.

அவனோ, "லேசா திறக்கிற கதவுல திருடனும் லேசா நுழைவான்!" என்று மேடைக்கு மேடை முழங்குகிறவன். பத்திரிகைகள் அவனுக்குப் 'பூட்டு' என்றே பெயர் வைத்துவிட்டன.

அவள் போட்ட கணக்கு எளிது. ஒரு 'கூடாது' ஓட்டை ஈடுகட்ட மூன்று 'சரி' ஓட்டு வேண்டும். தான் சபைக்குப் போகாவிட்டால் ஒன்று நஷ்டம். அவன் போகாவிட்டால் மூன்று லாபம்!

அவனுடைய போன் அடித்தது. கட்சிக் கொறடா. யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவது என்று உத்தரவு போடுகிறவர்.

"எங்கய்யா இருக்கே? உன் நாற்காலி காலியா கிடக்கு!"

"தோ, கிளம்பிட்டேண்ணே." அவன் எழுந்தான்.

அவள் வீலென்று அலறினாள்.

"என்னய்யா சத்தம்?"

"என் வீட்டுக்காரிண்ணே. வலி வந்துடுச்சு." அவன் போனைக் கட்டில் பக்கமாக நீட்டினான்.

வசதியாகப் போயிற்று. முன்னதைவிட நன்றாக இன்னொரு அலறல் வைத்தாள்.

"சரி சரி, பொண்டாட்டியைப் பாரு. ஆனா ஓட்டுக்கு எப்படியாவது வந்துடு!"

டாக்டரம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் நேரம் இருக்கு. ஆனாலும் சாயங்காலம் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். சார், நீங்களும் பக்கத்துலயே இருங்க."

டாக்டரம்மா கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது அவளுக்கு.

"ஏங்க, அந்த மசோதாவுல அப்படி என்னதான் தப்பு?"

"இந்த நேரத்துல மசோதாவா? மூச்சை இழுத்து விடு."

"சொல்லுங்க."

"இன்னிக்கு நல்லவங்க மாத்துவாங்க. நாளைக்குக் கெட்டவன் வந்தா?"

"கெட்டவன் ஏற்கெனவே ஒரு வரியை எழுதிட்டுப் போயிருந்தா? அதை அழிக்கவும் முக்கால் வேணுமே!"

அவன் அவள் தலையணையைச் சரிசெய்தான். "மூச்சை விடு" என்றான்.

டி.வி.யில் ஓட்டெடுப்பு மணி ஒலித்தது. அவன் கோட்டை எடுத்தான். "ஒரே ஓட்டமா போயிட்டு வந்துடறேன்மா."

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் கோட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். ஈரத் துணியால் அவள் நெற்றியைத் துடைத்தான். 'இந்த மனுஷனைப் போய் ஏமாத்தறோமே' என்று அவளுக்கு உறுத்தியது. நிஜமாகவே கண் கலங்கியது.

சபாநாயகர் எழுந்தார். "சரி, இருநூற்று இருபத்தைந்து. கூடாது, எழுபத்தைந்து. சரியாக முக்கால் பங்கு. மசோதா நிறைவேறியது!"

"ஹையா!" அவள் தலையணையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். பிறகுதான் நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "வலி?"

"மன்னிச்சிடுங்க. காலையிலேர்ந்து நடிச்சேன். உங்க ஓட்டு விழக்கூடாதுன்னு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "தெரியும். வந்த உடனேயே டாக்டரம்மா என்னைத் தனியா கூப்பிட்டு, 'இது வலியே இல்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க'ன்னுட்டாங்க. நான்தான் சாயங்காலம் வரைக்கும் உன்னை இங்கேயே வெச்சுக்கச் சொல்லிக் கெஞ்சினேன்."

"நீங்களா? ஏன்?"

"போன வாரம் உங்கக்கா பொண்ணு, 'சித்தப்பா, நான் எந்த நாட்டுப் பொண்ணு?'ன்னு கேட்டா. அப்புறமும் எப்படி 'கூடாது'ன்னு கையைத் தூக்குவேன்? 'சரி'ன்னு தூக்கினா, என்னைக் கட்சியை விட்டே தூக்கிடுவாங்க. என்ன சாக்குச் சொல்லி நழுவறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தேன். நல்லவேளை, நீ 'ஐயோ அம்மா'ன்னே!"